பாடுகிறவர்கள் ஏன் வயலுக்கு ஓடினார்கள்?

தியானப் பகுதி: நெகேமியா 13:4–14



நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்து, ஜனங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, ராஜாவிடத்துக்குத் திரும்பிப் போயிருந்தார். சில காலம் கழித்து மறுபடியும் வந்து பார்க்கிறார். தேவாலயம் இருக்கிறது, வாசல் இருக்கிறது, ஆசாரியன் இருக்கிறான். ஆனால் பாட்டுச் சத்தத்தைக் காணோம். விசாரித்துப் பார்த்தால், லேவியரும் பாடுகிறவர்களும் ஆளுக்கொரு பக்கமாய்த் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். ஏன்? அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கை யாரும் கொடுக்கவில்லை. காணிக்கைப் பொருட்கள் வைக்கவேண்டிய அறையிலோ தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்கள்!

நெகேமியா யாரைக் கடிந்துகொண்டார் என்று கவனியுங்கள். ஓடிப்போன பாடகர்களை அல்ல. "நீங்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள், உலகத்தை நாடிப் போனவர்கள்" என்று அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவனுடைய வீடு இப்படிக் கைவிடப்பட்டுக் கிடப்பது எதனால் என்று அவர்களோடே வழக்காடினார். பிறகு பாடகர்களைத் தேடிக் கூட்டிவந்து பழையபடி அவர்கள் இடத்திலே நிறுத்தினார்.

பிரியமானவர்களே, இந்த வேதபகுதியை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம்ம சபையில் டிரம்ஸ் வாசித்த தம்பி காபி எஸ்டேட் வேலைக்கு மலை இறங்கிப் போய்விட்டான். கீபோர்டு வாசிக்கிற தம்பி கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்யாண வீடுகளில் ஒரு இன்னிசைக் குழுவோடு வாசிக்கப் போகிறான். அவனை இனிமேல் ஆராதனையில் வாசிக்க விடலாமா கூடாதா என்று கேள்வி எழும்பியிருக்கிறது. போன மழைக்காலத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம்ம டோலக் தாத்தாவின் கல்லறையில் இன்றுவரை ஒரு கல் இல்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, உலகம் முழுதும் தெரிந்த சில பாடகர்களின் வாழ்க்கையைப் பார்ப்போம். "பாஸ்டர் ஐயா ராக் பாட்டைப் பற்றியா எழுதுகிறார்!" என்று சிலர் நினைக்கலாம். பொறுமையாய் வாசியுங்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

ராக் இசை பிசாசின் இசை, ரெக்கார்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானின் சத்தம் கேட்கும் என்றெல்லாம் சொல்லுகிற பிரசங்கங்களை நம்மில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். வாலிபப் பிள்ளைகளும் என்னிடத்தில் கேட்கிறார்கள்: "ஐயா, இந்தக் கித்தார், இந்த டிரம்ஸ் அடி எல்லாம் உலகத்திலிருந்து சபைக்குள்ளே வந்ததுதானே?" சரித்திரத்தை வாசித்துப் பார்த்தால் பெரும் பங்கு அந்தப் பக்கமாய்ப் போகவில்லை, இந்தப் பக்கமிருந்துதான் அங்கே போயிருக்கிறது.

1906 ஏப்ரலில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசூசா தெருவிலே எழுப்புதல் உண்டானது நமக்குத் தெரியும். அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் அதை நடத்தினார். மறு ஆண்டு, 1907-ல், சார்லஸ் மேசன் என்கிற கறுப்பின ஊழியர் அங்கே போய் அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். அவர் தலைமையில் மெம்பிஸ் பட்டணத்தை மையமாகக் கொண்டு ஒரு பெரிய பெந்தெகொஸ்தே சபை வளர்ந்தது. மற்ற சபைகளில் ஆர்கன் மட்டும் மெதுவாக ஒலித்த காலத்தில், இந்தச் சபையார் 150-ஆம் சங்கீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கித்தார், தம்புரு, மேளம், எக்காளம் எல்லாவற்றையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார்கள். கைதட்டிப் பாடினார்கள், ஆடிப் பாடினார்கள்.

அந்தச் சபையின் ஊழியக்காரி ஒருத்திக்கு ஒரு பெண் பிள்ளை. 1915-ல் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தாள். தாய் மாண்டலின் வாசித்துப் பாடி சுவிசேஷம் சொல்லுவாள். மகளோ ஆறு வயதுக்குள்ளே கித்தாரைக் கையில் எடுத்து, தாயோடே ஊர் ஊராய்க் கூட்டங்களில் வாசித்தாள். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்.

1938-ல் அவர் நியூயார்க் போனார். இராத்திரி விடுதிகளில், பணக்காரர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்திலே, சபைப் பாட்டைப் பாடினார். அதே ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி புகழ்பெற்ற கார்னகி ஹால் மேடையிலும் பாடினார். 1944-ல் அவர் பதிவு செய்த ஒரு சுவிசேஷப் பாட்டை, ராக் அண்ட் ரோல் என்கிற இசையின் முதல் ரெக்கார்டுகளில் ஒன்றாகச் சரித்திரக்காரர் பலர் எண்ணுகிறார்கள். பாருங்க, எந்தச் சத்தத்தைப் பிசாசின் சத்தம் என்று சொன்னார்களோ, அதற்குத் தாய்வீடு ஒரு பெந்தெகொஸ்தே சபை!

கூட்டம் இருந்தது, கல் இல்லை

ரோசெட்டா தார்ப் நடத்திய கச்சேரிகளை இன்றும் பேசுகிறார்கள். 1951 ஜூலையில் வாஷிங்டனில் ஒரு விளையாட்டு மைதானத்தில் அவருடைய கல்யாணத்தையே கச்சேரியாக நடத்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் முடிந்ததும் மணப்பெண் கித்தாரை எடுத்துப் பாடினார்.

1964 மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பட்டணத்தில் நடந்தது இன்னும் விசேஷம். ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரத்தில் ஜனங்கள், எதிர் பிளாட்பாரத்தில் பாடகர்கள். டெலிவிஷனுக்காகப் படம் பிடித்தார்கள். மழை கொட்டியது. 49 வயதான அந்த அம்மா குதிரை வண்டியில் வந்து இறங்கி, மின்சாரக் கித்தாரை மாட்டிக்கொண்டு, நோவாவின் காலத்து மழையைப் பற்றிய பாட்டை எடுத்துப் பாடினார். எதிரே உட்கார்ந்திருந்த இங்கிலாந்து வாலிபர்கள் அதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த நாட்டு ராக் வாத்தியக்காரர்கள் பலர் இப்படி வந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களிடம் கற்றுக்கொண்டவர்கள்தான்.

ஆனால் அவருடைய சொந்த சபையார் பலர் அவரைப் பார்த்து முகஞ்சுளித்தார்கள். விடுதியில் பாடினவள், உலகத்தாரோடே சேர்ந்தவள் என்று பேசினார்கள். 1970-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சர்க்கரை வியாதியால் ஒரு காலையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் உட்கார்ந்துகொண்டு பாடினார். 1973 அக்டோபர் 9-ஆம் தேதி பிலடெல்பியாவில் மரித்தார். அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள். பெயர் எழுதின ஒரு கல்கூட வைக்கவில்லை.

எத்தனை வருஷம் தெரியுமா? ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம்! 2008-ல் சிலர் கூடி அவர் ஞாபகமாக ஒரு கச்சேரி நடத்தி, பணம் சேர்த்து, அதன் பிறகே அந்த மண்ணுக்குமேல் ஒரு கல் நின்றது. 2018-ல் ராக் இசையில் முன்னோடிகளைக் கனப்படுத்துகிற மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவரிடம் கற்றவர்கள் கோடீஸ்வரராகி, அந்த மண்டபத்தில் பல வருஷங்களுக்கு முன்னமே பெயர் எழுதப்பட்டுவிட்டார்கள். விதை விதைத்தவளுக்கு மட்டும் கல் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே

1947-ல் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் தார்ப் அம்மா கச்சேரிக்கு வந்திருந்தார். ஒரு ஏழைப் பையன், பதினான்கு வயது, கச்சேரிக்கு முன்னே அவர் பாட்டைப் பாடிக் காட்டினான். அவனைத் துரத்தவில்லை. மேடையில் ஏற்றிப் பாடவைத்து, கையில் பணமும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட். உலகமெல்லாம் ராக் அண்ட் ரோலைக் கொண்டுபோன முதல் கூட்டத்தில் ஒருவர்.

அந்த மனுஷனுடைய வாழ்க்கை முழுதும் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓட்டம். 1957-ல் ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்துகொண்டிருந்தவர், புகழின் உச்சியிலே, எல்லாவற்றையும் விடுகிறேன் என்று அறிவித்து, விலையேறப்பெற்ற மோதிரங்களை ஆற்றில் எறிந்தார். வேதம் படிக்கக் கல்லூரிக்குப் போனார். 1962-ல் மறுபடியும் மேடைக்குத் திரும்பினார். பிறகு மறுபடியும் பிரசங்கம். 2020 மே 9-ஆம் தேதி 87 வயதில் மரித்தபோது, தான் வேதம் படித்த அந்த ஓக்வுட் கல்வி நிலையத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

எல்விஸ் பிரஸ்லி பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. மிசிசிப்பி மாநிலத்தில் டுப்பெலோ என்ற ஊரில், இரண்டு அறை வீட்டில் பிறந்த ஏழைப் பிள்ளை. அசெம்பிளீஸ் ஆப் காட் சபையில் தாய் தகப்பனோடு வளர்ந்தவர். நாலுபேர் சேர்ந்து பாடுகிற சுவிசேஷக் குழுக்கள் என்றால் அவருக்கு உயிர். பாட்டுக்காக அவர் வென்ற கிராமி விருதுகள் மூன்று. அந்த மூன்றும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மூன்றும் பக்திப் பாடல்களுக்கே! ராக் பாட்டு ஒன்றுக்குக்கூட அந்த விருது கிடைக்கவில்லை. கச்சேரி முடிந்த பிறகு விடிய விடிய பியானோவைச் சுற்றி உட்கார்ந்து சபைப் பாட்டுகளைப் பாடுவாராம். 1977 ஜூன் 26-ஆம் தேதி இண்டியானாபொலிஸ் பட்டணத்தில் அவருடைய கடைசிக் கச்சேரி. ஆகஸ்டு 16-ஆம் தேதி மெம்பிஸில் தன் வீட்டிலேயே விழுந்து மரித்தார். வயது 42. சரீரத்தில் பலவித மருந்துகள் இருந்தன. ராஜா என்று பேர் வாங்கினவருக்கு நித்திரை வரவில்லை.

சபையில் பிறந்த பாட்டு, சபைக்கு வெளியே போய் உலகத்தை ஆண்டது. பாடினவர்களோ வீட்டு ஞாபகத்தோடேயே அலைந்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு நெகேமியாவின் பாடகர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். வயலுக்கு ஓடினவன் பாட்டை மறந்தா ஓடினான்? பாட்டு அவனுக்குள்ளேயே இருந்தது. நிற்க இடம்தான் இல்லை.

கைதட்டல் காப்பாற்றாது

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உண்மையுள்ள ஊழியக்காரன் அல்ல. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற பெயரில் ஒரு கச்சேரி நடந்தது. பால் பண்ணை நிலத்தில், மழையிலும் சேற்றிலும், ஏறக்குறைய நாலு லட்சம் வாலிபர்கள் கூடினார்கள். அந்த மேடையில் பாடினவர்களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜோப்ளினும் உண்டு. அடுத்த வருஷம் 1970 செப்டம்பர் 18-ல் ஹெண்ட்ரிக்ஸ் மரித்தார். அக்டோபர் 4-ல் ஜோப்ளின் மரித்தார். இருவருக்கும் வயது 27. ஒருவருக்குத் தூக்க மாத்திரை, ஒருவருக்கு ஹெராயின். நாலு லட்சம் பேர் கைதட்டினதில் ஒரு கையாவது அந்த இராத்திரி அவர்களைப் பிடித்துத் தூக்கவில்லை.

"அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்று சொல்லாதீங்க. 2024 ஜூன் மாதம் நம்ம கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களிலும் பாடத் தெரிந்தவன் இருந்திருப்பான், மேளம் அடிக்கத் தெரிந்தவன் இருந்திருப்பான். விஷம் ஆள் பார்ப்பதில்லை. தாலந்து பெரியதுதான். ஆனால் தாலந்து யாரையும் இரட்சிப்பதில்லை. இயேசுவின் இரத்தமே இரட்சிக்கும். பாடுகிற தம்பிகளே, தங்கச்சிகளே, இதை மறவாதிருங்கள்.

விடுதிப் பிள்ளையின் பியானோ

நம்ம இந்திய தேசத்து மலை ஒன்றில் நடந்த காரியத்தையும் சொல்லுகிறேன். மகாராஷ்டிராவில் பாஞ்ச்கனி என்று ஒரு மலை ஊர். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில், கடல் கடந்து சான்சிபார் தீவிலிருந்து, எட்டு வயதில் ஒரு பார்சிப் பையனை விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் பரூக் பல்சாரா. தாய் தகப்பன் முகத்தை நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் விரலில் இருந்த சங்கீதத்தைப் பள்ளியில் உள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். பெற்றோருக்கு எழுதிக் கேட்டு, பியானோ கற்றுக்கொடுத்தார்கள். பையன் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழுவும் நடத்தினான்.

அந்தப் பிள்ளைதான் குவீன் என்ற ராக் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி. 1985 ஜூலை 13-ஆம் தேதி எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவி செய்ய லண்டனில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரியில், ஏறக்குறைய இருபது நிமிஷம் அவர் பாடினதை இன்றும் உலகம் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எய்ட்ஸ் வியாதி அவரைப் பிடித்தது. அக்காலத்தில் அந்த வியாதியின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் ஒதுங்குவார்கள். தன் வியாதியை அவர் ஊரறியச் சொன்னது 1991 நவம்பர் 23-ல். மறுநாளே, நவம்பர் 24-ல், மரித்துப்போனார். வயது 45. 1992 ஏப்ரல் 20-ல் அதே வெம்ப்ளி மைதானத்தில் அவர் ஞாபகமாகக் கச்சேரி நடந்தது. 72,000 பேர் வந்தார்கள். அதில் சேர்ந்த பணம் எய்ட்ஸ் வியாதிக்காரருக்கு உதவி செய்யப் போனது. நல்ல காரியம்தான். ஆனாலும் அவர் உயிரோடிருந்த நாளில், மேடையிலிருந்து இறங்கின மனுஷனை "உனக்கு என்னப்பா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவருடைய ஜீவியத்தை எல்லாம் நாம் பின்பற்றவேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். நம்ம மலையிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விரலில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் யார்?

தாவீது புலம்பின விதம்

ஒரு பாடகர் செத்துப்போனால் விசுவாசிகள் சிலர் உடனே தீர்ப்பு எழுதுகிறார்கள்: "நரகத்துக்குப் போயிருப்பான்." ஐயா, அந்தச் சாவி நம்ம இடுப்பில் இல்லை. நியாயாசனத்தில் உட்காருகிறவர் ஒருவரே.

தாவீதைப் பாருங்க. அவனும் வாத்தியக்காரன்தான். சவுலுக்கு நிம்மதி உண்டாகும்படி சுரமண்டலம் வாசித்தவன் (1 சாமு. 16:23). அப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் அவன்மேல் ஈட்டியை எறிந்தான் (1 சாமு. 18:10–11). அந்தச் சவுல் போர்க்களத்தில் விழுந்தபோது தாவீது என்ன செய்தான்? "என்னைத் துரத்தினவன் ஒழிந்தான்" என்று ஸ்தோத்திர பலியா செலுத்தினான்? இல்லை! வஸ்திரத்தைக் கிழித்து அழுதான். சவுல் ஜனங்களுக்குச் செய்த நன்மைகளைச் சொல்லிப் புலம்பினான். அந்தப் புலம்பலை யூதாவின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் சொன்னான் (2 சாமு. 1:17–27). ஈட்டி எறிந்ததைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

மரித்தவர்களைப் பற்றிப் பேச வேதம் நமக்குக் கற்றுக்கொடுக்கிற விதம் இது. அவர்கள் தவறினதை நமக்கு எச்சரிப்பாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மூலமாய் வந்த நன்மையைத் தேவனுக்கு முன்பாக நன்றியோடு நினைக்கலாம். தீர்ப்பை அவர் கையில் விட்டுவிடவேண்டும்.

இன்னொரு காரியம். வாசிக்கிறவன்மேல் ஈட்டி எறிகிற சவுல்கள் இன்றைக்கும் சபைகளில் உண்டு. கையில் ஈட்டி இல்லை, நாவில் இருக்கிறது. சுருதி கொஞ்சம் தப்பினால் முகஞ்சுளிப்பு. தலைமுடி கொஞ்சம் நீண்டிருந்தால் ஒரு சொல். வாசித்து முடித்து வியர்வையோடு நிற்கிறவனுக்கு ஒரு தம்ளர் டீ கொடுக்க ஆள் இல்லை. பிறகு அவன் வரவில்லை என்றால், "பின்மாற்றத்தில் போய்விட்டான்" என்று ஜெபக்குறிப்பு எழுதுகிறோம்!

தேவன் பெயர்களை எழுதிவைக்கிறவர்

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, "என்ன இது, வெறும் பெயர்ப் பட்டியலாய் இருக்கிறதே" என்று தாண்டிப் போகிறோம். ஆசாப், ஏமான், எதுத்தூன், அவர்கள் குமாரர்கள் என்று ஆலயத்தில் பாடினவர்களின் பெயர்களை ஆவியானவர் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். தேர்ந்தவர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையும் கொடுக்கிறார். பாடகருடைய பெயர் தேவனுக்கு முக்கியம்.

நமக்கு? தமிழ்ச் சபைகள் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெயர் நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பெந்தெகொஸ்தே சபைகளுக்கென்றே நூற்றுக்கணக்கான பாட்டுகளை எழுதி, மெட்டமைத்து, தன் குரலாலேயே பாடிவிட்டுக் கர்த்தரிடத்தில் போன சென்னை சகோதரி சாராள் நவரோஜி அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டைப் பாடிக் கண்ணீர் விடுகிறோம். இது யார் எழுதினது என்று பிள்ளை கேட்டால் "பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது" என்கிறோம். 2008 பிப்ரவரி 20-ல் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்த சகோதரர் டி.ஜி.எஸ். தினகரன் பிரசங்கித்ததோடு பாடவும் செய்தார். அந்தப் பாட்டுக் கேசட்டுகள் எத்தனை வியாதிப் படுக்கைகளுக்கு அருகே ஓடியிருக்கும்!

இப்போது நம்ம டோலக் தாத்தாவுக்கு வருகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மலையில் தார் ரோடு இல்லாத பாதைகளில், லாந்தர் வெளிச்சத்தில், டோலக்கைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு நடந்தவர். சாமை அறுப்புக் காலமானாலும் மரவள்ளி பிடுங்குகிற காலமானாலும், சனிக்கிழமை சாயங்காலம் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார். ஒரு பைசா கேட்டதில்லை. கைவிரல் மரத்துப்போன வயதிலும் தாளம் தப்பினதில்லை. இன்றைக்கு நம்மில் பலர் இரட்சிக்கப்பட்டது அவர் டோலக் சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்த கூட்டங்களில்தான். அவரைப் புதைத்த மண்மேடு ஒரு மழைக்கு இன்னும் கரைந்திருக்கிறது. இன்னும் இரண்டு மழை பெய்தால் இடம் தெரியாது.

பிலடெல்பியாவில் முப்பத்தைந்து வருஷம் ஆனது. கரியாலூரில் அப்படி ஆகவேண்டாம்.

என்ன செய்வோம்?

பிரியமானவர்களே, சபையாராகிய உங்களுக்கு முன்பாக நான்கு காரியங்களை வைக்கிறேன்.

ஒன்று, வருகிற ஈஸ்டருக்கு முன்பாகத் தாத்தாவின் கல்லறைக்கு ஒரு கல். பெரிய பளிங்கு வேண்டாம். நம்ம மலைக் கல்லே போதும். பெயர், பிறந்த வருஷம், மரித்த வருஷம், கீழே ஒரு டோலக் படம். கல் கொத்துகிறவர் கூலியை மட்டும் சபை சேர்க்கட்டும். கல்லைச் சுமக்க வாலிபர்கள் வருவார்கள்.

இரண்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையில் ஒரு பங்கை வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு ஒதுக்குவோம். கித்தார்க் கம்பி அறுந்தால் அவன் தன் கூலிக் காசில் வாங்குகிறான். பஸ் காசு அவனுடையது. நெகேமியா செய்தது இதுதான். பாடகர்களைக் கூட்டி நிறுத்தினதோடு நிற்கவில்லை. பங்கைச் சரியாய்க் கொடுக்க உண்மையுள்ள மனுஷரையும் பொக்கிஷ அறைக்கு ஏற்படுத்தினார் (நெகே. 13:13). எஸ்டேட்டுக்குப் போன தம்பியை இந்தப் பங்கு மட்டும் திருப்பிக் கொண்டுவராது என்று எனக்குத் தெரியும். ஆனால் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது, "உன் இடம் அப்படியே இருக்கிறது, வா தம்பி" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

மூன்று, கல்யாண வீடுகளில் வாசிக்கிற தம்பிக்காக நான் சொல்லுகிறேன்: அவனைத் தள்ளாதிருங்கள். அவனுக்குத் தாயும் இரண்டு தங்கச்சிகளும் உண்டு. அந்தக் கூலியில் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. குடிக்கிற இடத்தில் அவன் குடிக்காமல் திரும்பி வருகிறானா? அதற்கு நாம் ஜெபிக்கவேண்டும். இராத்திரி கச்சேரி முடித்து, தூக்கம் இல்லாத கண்ணோடே ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காருகிறானே, அதைக் கர்த்தர் காண்கிறார். சபைக் கதவை அடைத்தால் அவனுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கும். எந்தக் கதவு என்று ஹெண்ட்ரிக்ஸ் கதையில் பார்த்தோம். மூப்பர்கள் அவனைக் கூப்பிட்டு அன்பாய்ப் பேசட்டும். பரிசுத்தத்தைக் குறித்துக் கண்டிப்பாகவே சொல்லட்டும். ஆனால் கீபோர்டை அவனிடமிருந்து வாங்கிப் பூட்டவேண்டாம்.

நான்கு, விடுதிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் சனிக்கிழமை மத்தியானம் சபைக்கு வந்து வாத்தியங்களைத் தொட்டுப் பழக விடுவோம். "தொடாதே, கெட்டுப்போகும்" என்று சொல்லவேண்டாம். வாத்தியம் கெட்டால் சரி பண்ணலாம். அதோடு, ஞாயிறு தோறும் ஒரு பாட்டுக்கு முன்னே, அதை எழுதினவர் பெயரை ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லட்டும்.

பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஆவியானவர் பேசுகிறார். ஆமோஸ் 6-ஆம் அதிகாரத்தில் தாவீதைப்போல வாத்தியங்களை உண்டாக்கிப் பாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைத் தேவன் கடிந்துகொள்ளுகிறார். பாடினதற்காக அல்ல, ஜனத்தின் அழிவைக் கண்டு துக்கப்படாமல் பாடினதற்காக. உன் பக்கத்து வீட்டில் சாராயத்தால் ஒரு குடும்பம் அழியும்போது உனக்குக் கண்ணீர் வராவிட்டால், உன் விரல் எத்தனை வேகமாய் ஓடினாலும் பிரயோஜனம் என்ன? செல்போனில் ரோசெட்டா அம்மா வாசிக்கிறதைப் பார், கற்றுக்கொள், தப்பில்லை. ஆனால் கைதட்டலை நம்பி ஓடாதே. எல்விஸுக்குக் கிடைத்த கைதட்டலில் ஆயிரத்தில் ஒரு பங்கும் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அவருக்கே அது போதவில்லை.

நம்மை நேசித்து, சிலுவை மட்டும் போனவர் ஒருவர் உண்டு. அந்த இராத்திரியிலும் அவர் சீஷரோடே ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டே ஒலிவமலைக்குப் போனார் (மத். 26:30). மரணத்துக்குப் போகும் வழியில் பாடினவர் அவர். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததால், அவரை நம்பி மரித்த நம்ம தாத்தாவும் எழும்புவார். அவர் கல்லறைக்கு நாம் வைக்கப்போகிற கல், எக்காளம் தொனிக்கும் நாள்வரைக்கும்தான். அதுவரைக்கும் அது நிற்கட்டும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரம பிதாவே, எங்களுக்குப் பாட்டைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். பாடினவர்களைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். தூரதேசத்தில் எஸ்டேட்டிலும் கம்பெனியிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். இராத்திரி மேடைகளில் நிற்கிறவர்களை விஷத்துக்கும் கண்ணிக்கும் விலக்கும். வாசிக்கிறவன்மேல் ஈட்டி எறியாத நாவை எங்களுக்குத் தாரும். வயலுக்கு ஓடினவர்களைத் தேடிப் போய்க் கூட்டிவருகிற இருதயத்தை எங்கள் மூப்பர்களுக்கும் எங்கள் எல்லோருக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்! அல்லேலூயா!

கல்லறைக் கல்லுக்காகக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயாவிடத்தில் பெயர் கொடுக்கவும். கர்த்தர் தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.